ஒரே சீம், இரண்டு கிணறு: பதினாறு மடங்கு வித்தியாசம் ஏன்?

தம்பி,

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க வாசலில் நின்றபடி நீ கேட்டதற்கு நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை. உன்னோடு இருந்த நண்பர்களும் படிக்க வேண்டும் என்றதால் கேள்வியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குருகிராமில் நீ வேலை பார்க்கும் நிதி நிறுவனத்துக்கு நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம் ஒன்றின் கோப்பு வந்திருக்கிறது. ஒரே பிளாக் (ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி), ஒரே சீம் (நிலத்தடி நிலக்கரி அடுக்கு), டன்னுக்கு ஏறக்குறைய ஒரே அளவு வாயு. முதல் கிணறு நாளுக்கு 8,000 கன மீட்டர் தருகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாவது கிணறு 500-ஐத் தாண்டவில்லை. அறிக்கை "ஊடுருவுதிறன் குறைவு" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்தில் கிடைமட்டக் கிணறுகள் போடப் பணம் கேட்கிறது. அந்த ஒரு வரி பதினாறு மடங்கு வித்தியாசத்தை விளக்குமா, ஒரே மாதிரிக் கிணறுகளை வரிசையாகப் போட்டுச் செலவைக் குறைக்காமல் கிணற்றின் வடிவத்தையே ஏன் மாற்றுகிறார்கள் என்பது உன் கேள்வி.

விளக்கும். தாராளமாகவே விளக்கும். ஆனால் அந்த வரியை எழுதியவர் எந்தச் சோதனையை வைத்து எழுதினார் என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதே. பாறை வழியே நீரும் வாயுவும் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது ஊடுருவுதிறன். பெர்மியபிலிட்டி என்று எங்கள் அலுவலகங்களில் நாள்முழுதும் புழங்கும் இந்த ஊடுருவுதிறன்தான் நிலக்கரி வாயுத் தொழிலில் லாப நட்டத்தை முடிவு செய்கிறது. அவசரமாக அளக்கப்படுவதும் அதுதான்.

நிலக்கரிக்குள் வாயு எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மணற்பாறையில் வாயு துளைகளுக்குள் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். நிலக்கரியில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் சுவர்களில் மீத்தேன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அங்கே பிடித்து வைத்திருப்பது சீமில் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தம். நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால், ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் மூலக்கூறுகள் சுவரை விட்டு விலகும். பிறகு அவை நிலக்கரியின் உடலுக்குள் மெல்லப் பரவி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கீற்றுவெடிப்பை அடைய வேண்டும். அந்த வெடிப்புகளுக்குக் கிளீட் என்று பெயர். கிளீட்டை அடைந்த வாயு அதன் வழியே நடந்து கிணற்றுக்கு வரும். ஊடுருவுதிறன் என்று நாம் பேசுவது முழுக்க முழுக்க இந்தக் கிளீட்டுகளின் சங்கதி. நிலக்கரியின் உடலுக்குத் தானாக ஊடுருவுதிறன் கிட்டத்தட்டக் கிடையாது.

கோர் என்று சொல்லும் உருளை மாதிரியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் இது மனதில் பதிந்துவிடும். பளபளப்பான கறுப்புப் பட்டைகளில் நேர்கோடுகளாக வெடிப்புகள் ஓடும். ஒரு திசையில் நீளமாக, விடாமல் ஓடுபவை ஃபேஸ் கிளீட். அவற்றுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக, இரண்டு ஃபேஸ் கிளீட்டுகளுக்கு நடுவில் குட்டையாக முடிந்துபோகிறவை பட் கிளீட். மங்கலான, சாம்பல் மிகுந்த பட்டைகளில் வெடிப்புகள் குறைவு. கோண்ட்வானா என்ற பழம் பாறைத் தொகுதியைச் சேர்ந்த நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பதால் ஒரே சீமுக்குள்ளேயே நல்ல பட்டையும் மோசமான பட்டையும் மாறி மாறி வரும். சில மாதிரிகளில் வெடிப்பு முழுக்க வெள்ளையாகக் கால்சைட் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மெல்லிய தகடாகப் பெயர்ந்து வரும். வெடிப்புகளின் எண்ணிக்கை நன்றாக இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இது மாறுவதற்கு பாறை உடைந்து நழுவிய கோடு, அதாவது ஒரு சின்னப் பிளவுப்பெயர்ச்சி, குறுக்கே ஓடினாலே போதும்.

இப்போது உன் பதினாறு மடங்குக்கு வருகிறேன். இணையான வெடிப்புகளின் ஊடுருவுதிறன், வெடிப்பின் அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிளீட், ஒவ்வொன்றும் 10 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள். தலைமுடியின் தடிமனில் ஆறேழில் ஒரு பங்கு அது. கணக்குப் போட்டால் சுமார் 8.4 மில்லிடார்சி வரும். ஊடுருவுதிறனை அளக்கும் அலகு அது. அதே கிளீட்டுகள் 4 மைக்ரானாகக் குறுகினால் 0.54 மில்லிடார்சி. அகலம் இரண்டரை மடங்குதான் குறைந்தது, ஊடுருவுதிறன் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. மற்ற எல்லாம் சமமாக இருந்தால் கிணற்றின் ஓட்டம் ஊடுருவுதிறனுக்கு நேர்விகிதம். பிரான்சின் டிஜோன் நகரத்து நீர்வடிகட்டிகளுக்காக ஹென்றி டார்சி மணலில் செய்த சோதனைகளிலிருந்து 1856-ல் எழுதிவைத்த விதி அது. ஆக, ஆறு மைக்ரான் வித்தியாசம் உன் இரண்டு கிணறுகளின் கதையைச் சொல்லிவிடும். கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பதியும் எந்த லாகிலும் எந்த நிலநடுக்க அளவைப் படத்திலும் அந்த ஆறு மைக்ரான் நேரடியாகத் தெரியாது.

வாயு அளவை மட்டும் பார்த்து முதலீடு செய்யாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அமெரிக்காவிலேயே இரண்டு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. வயோமிங்கின் பவுடர் ரிவர் படுகையில் நிலக்கரி இளசு. டன்னுக்கு ஒன்றிரண்டு கன மீட்டர் வாயுதான். ஆனால் சீம் தடிமன் பிரமாதம், ஆழம் குறைவு, ஊடுருவுதிறன் நூற்றுக்கணக்கான மில்லிடார்சி. 1990-களின் கடைசியில் தண்ணீர்க்கிணறு போடும் சின்ன ரிக்குகளை வைத்தே ஆயிரக்கணக்கான கிணறுகளைப் போட்டுப் பெரிய உற்பத்தி எடுத்தார்கள். கொலராடோவின் பிசியான்ஸ் படுகையில் ஆழத்து நிலக்கரியில் வாயு ஏராளம். ஆனால் வெடிப்புகள் இறுகிக் கிடந்தன, நிலக்கரி வாயுத் தொழில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி எழவில்லை.

நம் நாட்டிலும் மதிப்பீடு பெரிதுதான். நிலக்கரிப் படுகை மீத்தேன் வளம் சுமார் 2.6 லட்சம் கோடி கன மீட்டர் என்கிறது அரசுக் கணக்கு. 1997-ல் கொள்கை வகுத்து, 2001-ல் முதல் ஏலச் சுற்று நடத்தி, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் 2007-ல் வணிக உற்பத்தி தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூர் 2017-ல் சேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு 2022-23 வாக்கில் நாடு முழுக்க நாளுக்கு 20 லட்சம் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. மொத்த இயற்கை வாயு உற்பத்தியில் அது 2 சதவீதம் அளவு. நிலம் கிடைப்பதும், விலையும், நிலக்கரிச் சுரங்க உரிமையோடு வந்த சிக்கல்களும் இதில் பங்கு வகித்தன. ஆனாலும் களத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ஊடுருவுதிறனைத்தான்.

கிணற்றின் வடிவத்துக்கு வருவோம். உன் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

செங்குத்துக் கிணற்றை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் நீரும் வாயுவும் வரும்போது, கிணற்றை நெருங்க நெருங்க வழி குறுகிக்கொண்டே போகும். அழுத்த இழப்பில் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டரில்தான் நடக்கிறது. 200 மீட்டர் ஆரத்துக்கு வடியும் கிணறு, துளையின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், எதிர்ப்பைக் குறிக்கும் மடக்கை எண் 7.6. இப்போது கிணற்றின் இருபுறமும் 60 மீட்டர் நீளத்துக்கு நீர் அழுத்தத்தால் பிளவு உண்டாக்கி அதில் மணலை நிரப்பு. பிளவு நன்றாகக் கடத்தினால், 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய கிணறு போட்டதற்குச் சமம் அது. மடக்கை எண் 1.9 ஆகிறது. அதாவது நான்கு மடங்கு ஓட்டம். 1 மில்லிடார்சி சீமில் இதைச் செய்தால், பிளவு போடாத 4 மில்லிடார்சி சீம்போல நடந்துகொள்ளும். நம் ராணிகஞ்ச் கிணறுகள் பெரும்பாலும் இந்த வகை. கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கி, சிமென்ட் போட்டு, சீம் சீமாகத் துளைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்த நீர் அழுத்தப் பிளவைப் போடுவது, அதாவது ஃபிராக் செய்வது. அலபாமாவின் பிளாக் வாரியர் படுகையில் மெல்லிய சீம்கள் பல அடுக்காக இருந்ததால் அங்கே வளர்ந்த முறை இது. நமக்கும் அடுக்கடுக்கான சீம்கள் என்பதால் இயல்பாகப் பொருந்தியது.

"நல்லதென்றால் எல்லா இடத்திலும் செய்யலாமே" என்று நீ கேட்பாய். மணல் நிரம்பிய பிளவின் கடத்துதிறனை, சீமின் ஊடுருவுதிறனும் பிளவின் நீளமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். பிளவின் கடத்துதிறன் 300 மில்லிடார்சி-மீட்டர் என்றால், 1 மில்லிடார்சி சீமில் 60 மீட்டர் பிளவுக்கு அந்த எண் 5. நல்ல எண். 100 மில்லிடார்சி சீமில் அதுவே 0.05. அங்கே வாயு பிளவுக்குள் நுழைய அவசியமே இல்லை, நிலக்கரி வழியாகவே வந்துவிடும். செலவழித்துப் போட்ட நீளத்தில் முக்கால்வாசி வீண். அதனால்தான் பவுடர் ரிவரில் சீமுக்கு மேலே கேசிங்கை நிறுத்தி, சீமுக்குள் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, மோட்டார் பம்பை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சுராட் படுகையிலும் நல்ல ஊடுருவுதிறன் உள்ள பகுதிகளில் கீறல்குழாய் போட்ட திறந்த துளையே போதுமாக இருக்கிறது. கிளாட்ஸ்டனிலிருந்து கப்பல் ஏறும் திரவ வாயுவில் பெரும்பகுதி அப்படிப்பட்ட எளிய கிணறுகளில் பிறந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் விசித்திரமான ஒரு முறை உண்டு. நியூ மெக்சிகோ, கொலராடோ எல்லையில் சான் ஹுவான் படுகையின் சிறந்த பகுதியில், 1980-களில், காற்றும் நீரும் செலுத்தி அழுத்தம் ஏற்றிவிட்டுச் சட்டென்று திறந்துவிட்டார்கள். நிலக்கரி உடைந்து துளைக்குள் கொட்டும். அதை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பவும் அதையே செய்தால் சீமுக்குள் ஒரு குகை உண்டாகும். குகையைச் சுற்றியுள்ள நிலக்கரி தளர்ந்து வெடிப்புகள் அகலும். பக்கத்தில் ஃபிராக் செய்த கிணறுகளைவிடப் பல மடங்கு வாயு அவற்றில் வந்தது. அதைப் பார்த்து மற்ற நாடுகளில் முயன்றவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். தடித்த சீம், இயல்புக்கு மிஞ்சிய அழுத்தம், ஓரளவு நல்ல ஊடுருவுதிறன், மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் குகை முறை வேலை செய்யும். வெற்றிபெற்ற கிணற்றின் வரைபடத்தை மட்டும் வாங்கி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

1 மில்லிடார்சிக்கும் கீழே போனால்தான் கிடைமட்டக் கிணறு தன் அருமையைக் காட்டும். 3 மீட்டர் தடிமன் சீமைச் செங்குத்துக் கிணறு 3 மீட்டர்தான் தொடுகிறது. அதற்குள்ளேயே படுக்கையாக ஓடும் துளை ஆயிரம் மீட்டர் தொடும். ஆனால் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. ஃபேஸ் கிளீட் திசையில் ஊடுருவுதிறன் பட் கிளீட் திசையைவிடப் பல மடங்கு இருக்கலாம். துளை ஃபேஸ் கிளீட்டுகளை வெட்டிக்கொண்டு போக வேண்டும். அவற்றோடு சேர்ந்தே ஓடினால் ஆயிரம் மீட்டரும் குறைவான கிளீட்டுகளையே சந்திக்கும். உன் கோப்பில் கிடைமட்டக் கிணறுகளின் வரைபடம் இருந்தால், அதில் கிளீட் திசையைக் குறித்திருக்கிறார்களா என்று முதலில் பார்.

நீர் இறைப்பும் யோசிக்க வேண்டியது. துளை கொஞ்சம் ஏற்றமாக ஓடினால் நீர் தானாக இறங்கி வந்து, அடியில் உள்ள செங்குத்துக் கிணற்றின் பம்புக்குச் சேரும். ஆஸ்திரேலியாவின் போவன் படுகையில் இப்படி ஒரு செங்குத்துக் கிணற்றைத் தொலைவிலிருந்து வரும் படுக்கைத் துளையால் சந்திக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. மேற்கு விர்ஜினியாவில் இலை நரம்புபோல் கிளை விரியும் துளைகளைப் போட்டார்கள். சோஹாக்பூரிலும் அண்மை ஆண்டுகளில் பல கிளைக் கிடைமட்டக் கிணறுகள் வந்திருக்கின்றன. வடிவம் ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் சீம் 1 மீட்டராக மெலிந்தாலோ, நடுவில் பெயர்ச்சி வந்து சீம் மேலோ கீழோ நழுவினாலோ, துளை பாறைக்குள் போய்விடும். நிலக்கரியையும் பாறையையும் பிரித்துக் காட்டும் காமா கதிர் அளவியைப் பார்த்துப் பார்த்துத் துளையைத் திருப்ப வேண்டும். நிலக்கரி மென்மையானது, துளை இடிந்து விழவும் கூடும். எட்டுப் பத்து மெல்லிய சீம்கள் உள்ள இடத்தில் ஒரு கிடைமட்டக் கிணறு ஒரு சீமைத்தான் எடுக்கும் என்பதும் உண்டு. ஆகவே ஊடுருவுதிறன் குறைவென்றால் உடனே கிடைமட்டம் என்று ஓடிவிட முடியாது. தடித்த, தொடர்ச்சியான ஒரு சீமாவது அங்கே இருக்க வேண்டும்.

துளையிடும்போதே ஊடுருவுதிறனைக் கெடுத்துவிடவும் முடியும். சீமின் அழுத்தத்தைவிடக் கனமான சேற்றுக் கலவையை வைத்துத் துளையிட்டால் களிமண் கிளீட்டுக்குள் நுழைந்து அடைக்கும். சிமென்டும் நுழையும். ஃபிராக் திரவத்தில் சேர்க்கும் பிசின் நிலக்கரியில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும். மணற்பாறைக் கிணறுகளில் பழகிய குழு, அதே பழக்கத்தோடு நிலக்கரியில் இறங்கும்போது இது நடக்கிறது. இந்தச் சேதத்தை ஸ்கின் என்போம். 0.3 மில்லிடார்சி சீமும், 5 மில்லிடார்சி இருந்து கிணற்றைச் சுற்றி அடைபட்ட சீமும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே சோர்ந்து கிடக்கும். முதலாவதுக்கு வேறு வகைக் கிணறு வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு நல்ல ஃபிராக் போதும், சொற்பச் செலவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணம் கேட்பவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதுதான் உனக்கு நான் சொல்ல வருவதில் முக்கியமானது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இன்ஜெக்ஷன் ஃபாலாஃப் டெஸ்ட் என்று கோப்பில் வரும். சீமை மட்டும் பேக்கர் என்ற அடைப்பானால் தனிமைப்படுத்தி, சில மணி நேரம் மெதுவாக நீர் செலுத்திவிட்டு, மூடிவிட்டு, அழுத்தம் எப்படிச் சரிகிறது என்று கவனிப்பது. அதிலிருந்து ஊடுருவுதிறனும் ஸ்கினும் சீமின் ஆரம்ப அழுத்தமும் தனித்தனியாகக் கிடைக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. அவசரப்பட்டு வேகமாகச் செலுத்தினால் கிளீட்டுகள் விரிந்து, இல்லாத ஊடுருவுதிறன் இருப்பதாகக் காட்டும். செலுத்திய அழுத்தம் பிளவு அழுத்தத்துக்குக் கீழே இருந்ததா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கோர் மாதிரியை ஆய்வகத்தில் வைத்து அளந்த எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. நன்றாக வெடித்த நிலக்கரி மேலே வரும்போதே உதிர்ந்துவிடும். உதிராமல் தப்பிய கெட்டித் துண்டுதான் ஆய்வகத்துக்குப் போகும், அதுவும் பூமிக்கடியில் இருந்த இறுக்கம் தளர்ந்த நிலையில். நல்ல பகுதி விடுபட்டுப்போய், மிச்சப் பகுதியும் தன் இயல்பு மாறி நிற்கும்.

இன்னொன்று, ஊடுருவுதிறன் ஒருமுறை அளந்து சட்டமிட்டு மாட்டிவைக்கும் எண் அல்ல. ஆழம் கூடக்கூட மேலே உள்ள பாறையின் எடை கிளீட்டுகளை நெருக்கும், ஊடுருவுதிறன் அடுக்குக்குறி வேகத்தில் சரியும். நீரை இறைக்கும்போதும் இதுதான் நடக்கிறது. உள்ளே நீர் தாங்கிக்கொண்டிருந்த பாரத்தை இப்போது நிலக்கரி தாங்க வேண்டும், வெடிப்புகள் குறுகும். ஆனால் வாயு விலகத் தொடங்கியதும் நிலக்கரியின் உடல் சற்றுச் சுருங்கும், வெடிப்புகள் அகலும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். எது வெல்லும் என்பது நிலக்கரியின் கடினத்தையும், ஒட்டியிருந்த வாயுவின் அளவையும் பொறுத்தது. சான் ஹுவானில் சுருக்கம் வென்றது. அங்கே சில கிணறுகளில் உற்பத்தி நடக்க நடக்க ஊடுருவுதிறன் ஆரம்பத்தைவிட 3 முதல் 7 மடங்கு வரை கூடியதை மறுபடி சோதித்துக் கண்டார்கள். பால்மர், மன்சூரி என்ற இருவரின் பெயரிலும், ஷி, துருகான் என்ற இருவரின் பெயரிலும் உள்ள சமன்பாடுகள் இந்த இழுபறியைத்தான் கணக்கிடுகின்றன. கோப்பின் இருபது வருட உற்பத்தி வரைபடத்துக்கு அடியில் எந்தச் சமன்பாடு இருக்கிறது, சுருக்க எண் அந்தச் சீமில் அளந்ததா வேறு படுகையிலிருந்து கடன் வாங்கியதா என்று கேள். வரைபடத்தின் உச்சி அந்த ஒரு எண்ணில் மேலும் கீழும் ஆடும்.

பம்பை ஓட்டுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஊடுருவுதிறன் குறைந்த கிணற்றில், வாயு சீக்கிரம் வரட்டும் என்று நீர்மட்டத்தை மடமடவென இறக்கினால், கிணற்றைச் சுற்றியுள்ள நிலக்கரி இறுகிக்கொள்ளும். பொடியும் கிளம்பும். கறுப்புக் கஞ்சிபோல் வரும் அந்தப் பொடி பம்பின் ரப்பரை அரித்து, ரோட்டரைப் பிடித்துக்கொள்ளும். பம்பை மேலே இழுத்துச் சுத்தம் செய்யும் நாட்களில் நீர் திரும்பவும் கிளீட்டுகளை நிரப்பும், வாயுவின் வழியை மறிக்கும். விட்ட இடத்தைப் பிடிக்க வாரங்கள் ஆகலாம். நாளுக்குச் சில மீட்டர் என்று பொறுமையாக நீர்மட்டத்தை இறக்கும் ஆபரேட்டர் கிணற்றுக்குச் செய்யும் உபகாரம் எந்த அறிக்கையிலும் வராது. பொக்காரோ பக்கம் அப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். கழிவுநீர்க் குழாயின் வாயில் கையேந்தி, விரல்களுக்கிடையில் பொடியைத் தேய்த்துப் பார்த்துப் பம்பின் வேகத்தைக் குறைப்பார்கள். அவர்கள் மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

கிணறுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. எண்ணெய்க் கிணறுகள் ஒன்றன் பங்கில் ஒன்று கைவைக்கக் கூடாது என்பார்கள். நிலக்கரியில் பக்கத்துக் கிணறு வேண்டும். எல்லாக் கிணறுகளும் சேர்ந்து இறைத்தால்தான் நடுவில் உள்ள நிலக்கரியின் அழுத்தம் எல்லாப் பக்கமும் இறங்கும். ஊடுருவுதிறன் நல்லதாக இருந்தால் தூரத் தூரமாகப் போடலாம். சான் ஹுவானில் 320 ஏக்கருக்கு ஒரு கிணறு என்று தொடங்கிப் பிறகு 160-க்கு வந்தார்கள். பிளாக் வாரியரில் 40 முதல் 80 ஏக்கர். கிளீட் ஒரு திசையில் ஓங்கியிருந்தால் வடிபரப்பு முட்டைவடிவமாகும், கிணறுகளையும் அந்தத் திசையில் தள்ளித் தள்ளியும் குறுக்கே நெருக்கியும் போட வேண்டும். இதனாலேயே ஒற்றைச் சோதனைக் கிணற்றின் உற்பத்தியை வைத்து ஒரு பிளாக்கைப் புகழவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் என்று ஐந்து கிணறு போட்டு, நடுக்கிணறு என்ன செய்கிறது என்று பார்த்த பைலட், அதாவது முன்னோட்டச் சோதனையின், முடிவுதான் நம்பத் தகுந்தது. உன் இரண்டாவது கிணறு ஓரத்தில் தனியாக நிற்கிறதா, சுற்றிலும் துணை இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை.

உன் அப்பா மன்னார்குடியைப் பற்றிக் கேட்டார், அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2010-ல் ஒதுக்கப்பட்ட அந்த பிளாக் விவசாயிகளின் எதிர்ப்பால் நின்றது. நம்மாழ்வார் ஐயா தன் கடைசி நாள் வரை அந்தப் பிரச்சாரத்திலேயே இருந்தார். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் இந்த வகைத் திட்டங்களுக்கு அங்கே கதவை அடைத்தது. அங்கே இருப்பது பழுப்பு நிலக்கரி. ஊடுருவுதிறன் நன்றாக இருந்தால் வாயு எடுப்பவருக்குக் கொண்டாட்டம் என்று இதுவரை எழுதினேன். ஆனால் ஊடுருவுதிறன் அதிகம் என்றால் இறைக்க வேண்டிய நீரும் அதிகம். மேலும் கீழும் உள்ள நீர்ப்படுகைகளோடு சீமுக்குத் தொடர்பு இருந்தால் இறைக்க இறைக்க நீர் வந்துகொண்டே இருக்கும், அழுத்தமும் இறங்காது, ஊர்க் கிணறும் வற்றும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பவுடர் ரிவரிலும் வெளியேற்றிய நீரைப் பற்றிப் பண்ணைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பல வருட வழக்கு நடந்தது. நிலத்தடி நீரை நம்பிச் சாகுபடி செய்யும் டெல்டாவில் விவசாயி எழுப்பிய கேள்வி பொறியியல் ரீதியாகவே சரியான கேள்வி. அதை அறியாமை என்று இங்கே தில்லியில் சிலர் பேசியபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

ஜாரியா போன்ற இடத்தில் நிலைமை வேறு. அங்கே கீழே சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஊடுருவுதிறன் குறைந்த சீம் தன் வாயுவைக் கிணற்றுக்குக் கொடுக்காது, வெட்டும்போது முகப்பில் கொட்டும். மூனிடி சுரங்கத்தில் நிலத்தடியிலிருந்தே படுக்கைத் துளைகள் போட்டு முன்கூட்டியே வாயுவை வடித்துப் பார்த்தது அதற்காகத்தான். அங்கே 0.5 மில்லிடார்சி சீமிலிருந்து கொஞ்சம் வாயு எடுத்தாலும் அது உயிர்காக்கும் வேலை. லாபக் கணக்கில் மட்டும் அதை அளக்க முடியாது.

இனி உன் கோப்பு. இரண்டாவது கிணற்றில் நீரும் குறைவு, வாயுவும் குறைவு என்றால் ஊடுருவுதிறன் குறைவு, அல்லது ஸ்கின். ஃபாலாஃப் சோதனை இரண்டில் எது என்று சொல்லிவிடும். நீர் நன்றாக வந்துகொண்டிருந்து வாயு மட்டும் வரவில்லை என்றால் ஊடுருவுதிறனைக் குறைசொல்ல முகாந்திரமே இல்லை. நிலக்கரி தன் கொள்ளளவுக்கு வாயு பிடிக்காமல் இருக்கலாம், அழுத்தம் இன்னும் ஒட்டுவிடும் கட்டத்துக்கு இறங்காமல் இருக்கலாம், பெயர்ச்சி வழியாக வெளியிலிருந்து நீர் வந்துகொண்டிருக்கலாம். அந்த மூன்றுக்கும் கிடைமட்டக் கிணறு மருந்தல்ல. கடைசியில் சொன்னதாக இருந்தால் கிடைமட்டக் கிணறு இன்னும் அதிக நீரைத்தான் கொண்டுவரும்.

அதனால் வாயுக் கணக்கை மட்டும் அனுப்பாதே. இரண்டு கிணறுகளுக்கும் தொடக்கத்திலிருந்து தினசரி நீர் அளவு, நீர்மட்டம், பம்ப் நின்ற நாட்கள், ஃபாலாஃப் சோதனையின் அழுத்தத் தாள்கள், ஃபிராக் நாளன்று பதிந்த அழுத்த வரைபடம், இவற்றைக் கேட்டு வாங்கு. தர மறுத்தால் அதையும் கோப்பில் குறித்து வை. வந்ததும் எடுத்துக்கொண்டு மயூர் விஹாருக்கு வா, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்துவிடலாம்.